சாய்வும் சாய்ப்பும்

2025-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் நடுக்கடலில் 26 பாகை சாய்ந்தது. சரக்கறை ஒன்றில் நீர் புகுந்ததே கரணியம் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் அது கவிழ்ந்து மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பெற்றனர். ஆயினும் அது சுமந்துவந்த ஏறத்தாழ 640 பெட்டகங்களுள் சிலவற்றிலிருந்து சிதறிய ஞெகிழி மணிகள் குமரிமாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கின. வலை வீசப் போனவர்கள் அவற்றை வாரிக் கொட்ட நேர்ந்தது.

அச்செய்தியைத் தமிழிற் படித்தவனுக்குக் கிடைத்த சொல் ஒன்றே: சாய்வு. வானூர்தி வளைந்து திரும்புகையில் ஒரு சிறகைத் தாழ்த்தி மறு சிறகை உயர்த்துகிறதே, அதற்கும் அவனுக்குச் சொல்லப்படுவது அதே சாய்வுதான். முன்னது அழிவின் அறிகுறி. பின்னது ஓட்டுநரின் கைத்திறம். இரண்டிற்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் பொறியியலைத் தமிழில் எங்ஙனம் கற்பான்? 'அதற்குத்தான் ஆங்கிலம் இருக்கிறதே' என்று சொல்லிவிட்டுப் போகும் கூட்டத்திற்கு இந்த வினாவே கசக்கும்.

சொல் இல்லாமலில்லை. மரம் சாய்ந்தது, மரத்தைச் சாய்த்தான். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தமிழ்ப்பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே தாய்மடியில் கற்றுக்கொள்ளும் வேறுபாடு இது. கப்பல் சாய்கிறது, வானூர்தியை ஓட்டுநன் சாய்க்கிறான். மொழி வகுத்துத் தந்த இவ்வரம்பை 'சாய்வு' என்னும் ஒரே பெயர்ச்சொல்லுக்குள் அடைத்து அழித்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்களேயன்றி மொழியன்று.

இதைச் சேலம், நாமக்கல் மண்ணில் நின்று பேசுவதற்கு உரிமையுண்டு. சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராசாசி, அறிவியற் சொற்களைத் தமிழாக்குதற்கென ஒரு கழகம் அமைத்தது 1916-இல். மறைமலையடிகளார் தனித்தமிழ்த் தொண்டைத் தொடங்கியதும் அதே ஆண்டே. பின்னர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து சொற்களின் வேரைத் தோண்டிக் காட்டியவர் பாவாணர். நூல் வழக்கைப்போலவே உலக வழக்கையும் அவர் பொன்போற் போற்றினார். அவ்வுலக வழக்கு இன்றும் அங்கே சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடலைக் காணாத நாமக்கல்லாருக்குக் கப்பலின் சாய்வு விளங்குமோ எனின், நன்றாகவே விளங்கும். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளில் சுமையேற்றி ஏறியிறங்கும் சரக்குந்து ஓட்டுநரைக் கேட்டால் போதும். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்புறமாகச் சாயும். திருப்பும் விசை உருளிகளின் அடியில், தரைமட்டத்தில் தொழிற்படுகிறது. சுமையின் நடுவமோ மேலே இருக்கிறது. சுமை உயர உயரச் சாய்வும் மிகும். சுக்கானைத் திருப்பிய கப்பலும் இவ்வாறே திருப்பத்திற்கு வெளிப்புறமாகச் சாய்கிறது. நேராக ஓடத் தொடங்கியதும் தானே நிமிர்ந்துவிடும்.

அதே வளைவில் ஈருருளியில் வரும் இளைஞன் உட்புறமாகச் சாய்கிறான். தானாகவன்று; சாய்த்துத்தான் ஓட்டுகிறான். வானூர்தி அவனைச் சார்ந்தது. சிறகுகள் தரும் தூக்குவிசையின் ஒரு கூற்றை உட்புறமாகத் திருப்பினாலன்றி அது வளையாது. உயரம் குறையாமல் 30 பாகை சாய்த்துத் திரும்பினால் அதன் எடையைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகுதியாகத் தூக்குவிசை வேண்டும்; 60 பாகை சாய்த்தால் இரு மடங்கு வேண்டும். அளவு மீறினால் சிறகு தூக்காது. 1993-இல் திறக்கப்பட்டு, நெடுநாள் ஓய்ந்து கிடந்து, 2018-இல் சென்னை வானூர்தியால் மீண்டும் உயிர்பெற்ற காமலாபுரம் நிலையத்தின் மேலே இதனை அண்ணாந்து பார்த்த சேலத்துப் பிள்ளைகள் பலர். பார்த்ததற்குப் பெயர் சொல்லிக்கொடுத்தவர் எவர்?

மூன்றாவது வகையே எல்சாவிற்கு நேர்ந்தது. காற்றுமில்லாமல் திருப்பமுமில்லாமல், உள்ளே சுமையோ நீரோ ஒருபக்கம் சேர்ந்ததால் வருவது. அது தானே நிமிராது. சுமையை மாற்ற வேண்டும், அன்றேல் நீரை இறைக்க வேண்டும். காவிரியில் பரிசலோட்டுபவன் ஏறுவோரைச் சுற்றி அமரவைத்து, பருத்தவரை ஒருபுறமும் அவருக்கெதிரே இருவரையும் இருத்துகிறானே, அவன் அஞ்சுவது இதனைத்தான். ஒருபக்கமாகப் படுத்திருப்பவனைத் தமிழன் 'ஒருக்களித்துப் படுத்திருக்கிறான்' என்கிறான். இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் குழு கூடி ஆக்கப்போகிறது? கப்பல் ஒருக்களித்தது, ஒருக்களிப்பு 26 பாகை.

ஆகவே, காற்றாலோ திருப்பத்தாலோ வந்து நீங்குவது சாய்வு. சுமை பிறழ்ந்து நிலைத்துவிடுவது ஒருக்களிப்பு. ஓட்டுநன் வேண்டுமென்றே செய்வது சாய்ப்பு. அலையில் இருபுறமும் மாறிமாறி அசைவது ஆட்டம். அதனை 'உருளல்' என்று எழுதுவோர் ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்தாரேயன்றிக் கப்பலைப் பார்த்தாரல்லர். கப்பல் உருண்டால் மிஞ்சுவது என்ன?

வீட்டுச் சுவரையொட்டி இறக்கும் தாழ்ந்த கூரைக்கும் சாய்ப்பு என்ற பெயர் உண்டே, குழப்பம் வாராதோ என்று சிலர் வினவலாம். சிறகு என்பது குருவிக்கும் வானூர்திக்கும் ஒருங்கே வழங்குகிறது. எவரும் குழம்பவில்லை. கலைச்சொல் தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் நாளிதழாரும் அடுத்த பதிப்பிலேனும் இந்நான்கையும் நான்காக எழுதட்டும். ஐயமுண்டாயின் நாமக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, முதலில் எதிர்ப்படும் சரக்குந்துப் பட்டறைக்குள் நுழைந்து கேட்கட்டும்.