பெரிய ராஸ்பெர்ரி யாருக்கு?

அன்புள்ள வாசகர்களுக்கு,

சென்ற இதழின் உணவுச் சிறப்புப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாராட்டைவிடப் புலம்பல்தான் அதிகம். மெஸ்களையும் கையேந்தி பவன்களையும் யாரும் குறை சொல்லவில்லை. ஊரே கொண்டாடுகிற, முன்பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கிற, பில்லைப் பார்த்தால் வீட்டுக்கடன் தவணை ஞாபகத்துக்கு வருகிற உணவகங்கள் மீதுதான் அத்தனை வருத்தமும். திருமண நாளுக்காகப் போன ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். தட்டு தட்டாக வந்ததையெல்லாம் “நல்லா இருக்குல்ல?” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்களாம். பில் கட்டி, டிப்ஸ் வைத்து, ஆட்டோ ஏறி, முதல் சிக்னலில் வண்டி நின்ற பிறகுதான் மனைவி மெல்லக் கேட்டாராம்: “உங்களுக்கு வயிறு நிறைஞ்சுதா?”

அதுவரை ஏன் இருவரும் வாயைத் திறக்கவில்லை? தெருமுனைக் கடையில் சாம்பார் உப்புக் கரித்தால் சர்வரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பெயர் பெற்ற இடமென்றால் சந்தேகம் சமையல் மேல் வருவதில்லை, நம் நாக்கின் மேல் வருகிறது. நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையோ என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். கொடுத்த காசு வேறு, “சுமார்தான்” என்று சொல்ல விடுவதில்லை.

சொன்னவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியின் தெற்கே லெச்சே நகரில் ‘ப்ரோஸ்’ என்ற உணவகம், மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியது. அங்கே நண்பர்களோடு போன அமெரிக்க எழுத்தாளர் ஜெரால்டின் டிருய்ட்டர், நாலரை மணி நேரம் உட்கார்ந்து 27 சுற்றுகள் முடித்தும் பசியோடு எழுந்து வந்த கதையை 2021 டிசம்பரில் எழுதினார். அதில் ஒரு சுற்று, செஃப்பின் சொந்த வாயை அச்செடுத்துச் செய்த பிளாஸ்டர் வார்ப்பு. அதற்குள் புளிப்புப் பழ நுரை. ஸ்பூன் கிடையாது, நக்கித்தான் சாப்பிட வேண்டும். உலகமே படித்துச் சிரித்தது. செஃப்பும் சளைக்கவில்லை. குதிரைமேல் மனிதன் இருக்கும் படங்களைப் போட்டு, எது கலை என்று நீண்ட விளக்கம் கொடுத்தார். கலையாகவே இருக்கட்டும். வயிற்றுக்குக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு நடுவில் ஒரு கவளம் சோறும் போட்டிருக்கலாம்.

நியூயார்க்கின் ‘பெர் சே’ விஷயத்தில் நடந்தது வேறு. 2016 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ், அதற்குத் தன் பத்திரிகை கொடுத்திருந்த நான்கு நட்சத்திரங்களை இரண்டாகக் குறைத்தார். ஓர் ஆளுக்கு 325 டாலர் வாங்கிக்கொண்டு இப்படியா என்று சாப்பாடு, உபசரிப்பு இரண்டையும் சேர்த்தே சாடியிருந்தார். உரிமையாளர் தாமஸ் கெல்லர் மல்லுக்கு நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டார். இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1993-இல் நடந்தது. அதே பத்திரிகையின் உணவு விமர்சகர் பொறுப்பை ஏற்க லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வருகிறார் ரூத் ரைக்கல். அவர் வேலையில் சேரும் முன்பே அவருடைய படம் நியூயார்க் உணவகச் சமையலறைகளில் மாட்டப்பட்டுவிட்டது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஓர் உணவகத்தில் பரிமாறுபவர். அவரே இவரை அடையாளம் கண்டு இதைச் சொல்லிவிட்டார். ரைக்கல் நேரே போய் ஒரு விக் வாங்கினார். மேக்கப், பழைய பாணி உடை, ‘மோலி ஹோலிஸ்’ என்று ஒரு பெயர், வெளியூர்ப் பள்ளி ஆசிரியை என்று ஒரு பூர்வகதை. அந்த வேஷத்தில் ‘லெ சர்க்’ போனார். பணமும் புகழும் உள்ளவர்கள் கூடுகிற இடம் அது. அப்போது நான்கு நட்சத்திரம்.

முன்பதிவு இருந்தும் காக்கவைத்தார்கள். பிறகு புகைபிடிப்பவர்கள் பகுதியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கேட்டு வாங்கிய ஒயின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, வேறு யாருக்கோ வேண்டும் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னால் ஒரு நாள் அவர் யாரென்று தெரிந்துவிட்டது. பாரில் ஸ்பெயின் அரசர் காத்திருக்கிறார், ஆனால் உங்கள் மேசை தயார் என்றாராம் உரிமையாளர். மேசை நல்ல மேசையானது, தட்டில் அளவு கூடியது. இனிப்பின் மேல் இருந்த ராஸ்பெர்ரி முன்பைவிட மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது. இரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்து எழுதி, ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தார் ரைக்கல்.

அந்த ராஸ்பெர்ரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதே சமையலறை, அதே ஆட்கள். பழக்கூடையில் பெரியது யாருக்கு, சிறியது யாருக்கு என்று பொறுக்கிவைக்க அங்கே ஒரு கை இருந்திருக்கிறது அல்லவா? நம்மூர்க் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வரிசை வந்ததும் பாயசவாளியின் அடிவரை போய் முந்திரியைத் தேடுகிற கரண்டியை நமக்குத் தெரியாதா என்ன?

வந்திருக்கும் கடிதங்களில் பாதியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. ருசி குறைந்தது பற்றி இரண்டு வரி. தங்களை அங்கே ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்பது பற்றி இரண்டு பக்கம்.

“மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய இடமாயிற்றே?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மிஷ்லின் ஒரு டயர் கம்பெனி. கார் ஓடினால்தானே டயர் தேயும்? அதற்காக 1900-இல் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த வழிகாட்டிப் புத்தகம் அது. 1926-இல் நட்சத்திரம் வந்தது. 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை வந்தது. நட்சத்திரம் தட்டில் உள்ள உணவுக்கு மட்டுமே என்பது அவர்களே சொல்லும் விதி. எங்கே உட்காரவைத்தார்கள், எப்படிப் பேசினார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பாரிஸின் ‘லெ சேங்க்’ மூன்று நட்சத்திர உணவகம். 2017-இல் அங்கே போன பிரிட்டிஷ் விமர்சகர் ஜே ரேனருடைய தோழியின் கையில், விலையே அச்சிடாத மெனுவைக் கொடுத்தார்கள். பெண் என்றால் பில் கட்டமாட்டார் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்!

நிறைய பேர் கேட்ட இன்னொரு கேள்வி: நம் பத்திரிகையில் உணவகம் பற்றி எழுதுபவர்கள் ஓசியில் சாப்பிடுகிறார்களா? இந்த இதழிலிருந்து நடைமுறை இதுதான். முன்பதிவு வேறு பெயரில். பில் நம்முடையது. ஒரே இடத்துக்கு இரண்டு முறையாவது போன பிறகே எழுத வேண்டும். உணவகத்திலிருந்து அழைப்பு வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிட வேண்டும். செலவு கூடுவதால் இந்தப் பகுதி இனி ஒன்றுவிட்டு ஒரு இதழில்தான் வரும். விக் வாங்கும் யோசனையை மட்டும் கணக்குப் பிரிவு நிராகரித்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்