மிதிவண்டி விளையாட்டுக் கருவியா?

சித்தூர், நகரிப் பகுதிச் சிற்றூர்களின் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்ய மிதிவண்டியில்தான் அலைந்தேன். களப்பணி முடிந்ததும் பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, அட்டைப் பெட்டியில் அடைத்து ரேணிகுண்டாவில் விமானமேற்றச் சென்றேன். பெட்டிக்கு 'விளையாட்டுக் கருவி' என்று தனிக்கட்டணம் விதித்தார்கள். பல விமான நிறுவனங்களின் வகைப்பாடு இதுவே. முகப்பில் நின்ற பணியாளரை நோவதில் பயனில்லை.

பால்காரரும் தபால்காரரும் எந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள்? ஓய்வுக்காக மிதிப்பவரை மட்டுமே மனத்தில் வைத்து இட்ட பெயர் இது. பெயர்தானே என்று மொழியியல் படித்தவர்களாவது சொல்லக்கூடாது. அந்தப் பற்றுச்சீட்டை ஆய்வுப் பயணச் செலவில் சேர்த்தேன். விளையாட்டுக்கு நிதியில்லை என்று கணக்குப் பிரிவு திருப்பிவிட்டது.

டயர்க் காற்றை முழுவதும் இறக்கச் சொன்னது வேறு. பயணியர் விமானங்களின் சரக்கறையிலும் காற்றழுத்தம் பேணப்படுகிறது. வெளியழுத்தம் அறவே இல்லாமற்போனாலும் டயர் கூடுதலாகத் தாங்கவேண்டியது ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ மட்டுமே. சற்றுத் தளர்த்தினால் போதும். முழுவதும் இறக்கினால் ரிம்முக்குக் காப்பில்லை. இத்தனைக்கும், 1903இல் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடைக்காரர்கள்; அதன் உந்துவிசிறிகளைச் சுழற்றியவையும் சங்கிலியும் பற்சக்கரமுமே.

பெட்டி பெரிது என்பார்கள். மெய்தான். அப்படியானால் அளவுக்கும் எடைக்கும் கட்டணம் கேளுங்கள், தருகிறேன். பற்றுச்சீட்டில் 'மிதிவண்டி' என்று எழுதுங்கள்.