யுத்தமும் சித்திரமும்

யுத்த காலத்தில் சித்திரம் ஒரு கேடா என்று கேட்கும் தேசபக்தர்கள் எக்காலத்திலும் உண்டு. முதலில் சுயராஜ்யம் வரட்டும், ஜனங்களுக்குச் சோறு கிடைக்கட்டும், கலையைப் பிறகு கவனிக்கலாம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை, ஒப்புக்கொள்ளவும் இயலவில்லை. அண்டை நாடாகிய இலங்கையில் நிகழ்ந்ததை அவர்கள் சற்றே சிந்திப்பார்களாக.

1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. பர்மா ஜப்பானியர் வசமானதால் அரிசி வரத்து நின்று, பங்கீடு வந்தது. இத்தகைய வேளையில், 1943 ஆகஸ்டில், லயனல் வெண்ட் என்பவரின் இல்லத்தில் சித்திரக்காரர்கள் சிலர் கூடி ‘43 குழு’வை ஸ்தாபித்தார்கள். ஜார்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஹாரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ முதலியோர் அதனைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேயரின் ரசனையே அளவுகோல் என்றிருந்த பழைய கலைச் சங்கத்தின் பிடியை உதறுவதே அவர்கள் நோக்கம். இலங்கைக்கு அரசியல் விடுதலை வந்தது 1948-இல். சித்திரக்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை!

வெண்ட் பறங்கியர் வகுப்பினர், நீதிபதியின் புதல்வர். இலண்டனில் சட்டமும் பியானோவும் கற்றுத் திரும்பி, சட்டத்தை விரைவில் கைவிட்டார். (அத்தொழிலிலிருந்து தப்பியவர்மீது நமக்குச் சிறிது பொறாமை உண்டென்பதை மறைப்பானேன்?) பின்னர் போட்டோக் கருவியை ஏந்தினார். செல்வர்களின் பொழுதுபோக்கு அன்று அது. கம்மாளன் உலைக்களத்தில் உழைப்பதுபோல் இருட்டறையில் உழைத்தார். படத்தைக் கழுவும்போதே நடுவில் மீண்டும் ஒளி காட்டி நிழலையும் வெளிச்சத்தையும் தலைமாற்றுவது, பல படங்களை ஒன்றாக இணைப்பது ஆகிய நுட்பங்கள் அவருக்குக் கைவந்தவை. செம்படவரும் கண்டி நடனக்காரரும் அவர் படங்களில் கம்பீரமாக நிற்கிறார்கள். தம் கையால் பாடுபட்டவராதலின் பிறர் கைத்திறனின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். தம் படங்களோடு நில்லாமல், ஏளனத்துக்கு ஆளான சித்திரக்காரர்களுக்குத் தம் வீட்டையும் வாக்கையும் ஈந்தார்.

ஆங்கிலம் பேசும் தனவந்தருக்குத் தேசியக் கலையோடு என்ன உறவு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிறப்பை விசாரிக்கும் அன்பர்களே, நம்மூர்த் தனவந்தர்களில் உயிரோடிருக்கும் சித்திரக்காரனிடம் ஒரு படமேனும் விலைக்கு வாங்கியவர் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள். சீமைக் காலண்டர்ப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியவர்களை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம்.

யுத்தம் முடிவதைக் காண வெண்ட் இருக்கவில்லை. 1944 டிசம்பரில், தமது 44-ஆம் வயதில் காலமானார். குழு கலைந்துவிடவில்லை. 1952-இல் அதன் சித்திரங்கள் இலண்டனிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. கொழும்பில் அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது அவர் பெயரால் ஒரு நாடக அரங்கு நிற்கிறது.