சுவிட்ச் யார் கையில்?

சீவலப்பேரி பக்கத்து விவசாயத் தொழிலாளத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார்கள். "மீட்டருக்குள்ளே சிம் கார்டு வைக்கப் போகிறார்களாமே? ரீடிங் எடுக்க இனி ஆள் வர மாட்டாராமே? பணம் தீர்ந்தால் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம் வீட்டு விளக்கை அணைத்துவிடுவார்களாமே? இதெல்லாம் மெய்தானா?"

மெய்தான். தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் அது வந்துவிடவில்லை. ஆனால் திட்டம் போட்டாகிவிட்டது. ஆகவே விஷயத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

மாடியில் சூரியத் தகடு இருக்கிறது. அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இருக்கிறது. மிச்சத்தைச் சேமிக்கப் பேட்டரி, கணக்கெடுக்க மீட்டர். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மீட்டரும் செல்போனைப் போலவே தகவல் அனுப்பும். தகடு எவ்வளவு கொடுத்தது, பேட்டரியில் எவ்வளவு இருப்பு, வீடு எவ்வளவு இழுத்தது என்பதெல்லாம் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை தொலைதூரத்திலுள்ள ஒரே திரையில் வந்து நிற்கும். பார்ப்பதோடு காரியம் முடிவதில்லை. திரைக்கு முன்னால் இருப்பவர் கட்டளை கொடுத்தால் மீட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் திறந்துகொள்ளும். வீடு இருண்டு போகும்.

இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு ஓடும் இதே தாமிரபரணியின் தண்ணீர் விசையை நம்பித்தான் 1880-களில் ஹார்வி துரைகள் பாபநாசத்தில் மில் கட்டினார்கள். 1944-இல் அங்கே மின் நிலையம் வந்தது. இன்று சீவலப்பேரிக்கு அருகே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா கம்பெனியின் ஆலையில் சூரியத் தகடுகள் தயாராகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சூரிய ஒளியும் காற்றும் மின்சாரமாவதை எந்தத் தொழிலாளியும் வெறுக்கவில்லை.

தூரத்திலிருந்து கணக்குப் பார்ப்பதும் தேவைதான். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலெல்லாம் தகடு தருகிறது. மாலை ஆறு மணிக்குக் கைவிரிக்கிறது. அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் விளக்குப் போடுகிறது. எந்தப் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, கயத்தாற்றுக் காற்றாலை எவ்வளவு தரும், எந்த டிரான்ஸ்பார்மர் தாங்காமல் சூடேறுகிறது என்று ஒரே இடத்தில் தெரிந்தால் நல்லதே. கணக்குப் பார்க்கலாமா கூடாதா என்பதல்ல நம் கேள்வி. கணக்குப் புத்தகம் யாரிடம்? சுவிட்ச் யார் கையில்?

உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜயந்தி நாள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் திடீரென்று மின்சாரம் நின்றது. ஒன்றிரண்டு வீடுகளில் அல்ல, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில். பாக்கி வைத்தவன், வைக்காதவன் என்ற பேதமே இல்லை. ஒரு தவறான கட்டளை போயிற்று, அவ்வளவுதான். பழைய மீட்டராக இருந்தால் ஒன்றரை லட்சம் பியூஸைப் பிடுங்க எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாள் ஆகும்?

சூரியத் தகடு வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் சில வீடுகளின் இன்வெர்ட்டர்கள் வேலை செய்யாமல் நின்றன. தயாரித்த சீனக் கம்பெனிக்கும் அங்கே விற்கும் கம்பெனிக்கும் வியாபாரத் தகராறு; நடுவில் இயந்திரம் ஊமையாயிற்று. பணம் கொடுத்து வாங்கியவன் வெறும் பார்வையாளன். நம் நாட்டில் 2025-இல் மத்திய சர்க்கார், வீட்டுக் கூரைத் திட்டத்து இன்வெர்ட்டர்களின் தகவல் அந்நிய நாட்டு சர்வருக்குப் போகாமல் உள்நாட்டுக்கே வர வேண்டும் என்றது. சரியான ஏற்பாடுதான், ஆட்சேபிக்கவில்லை. ஆனால் உள்நாட்டில் யாரிடம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. (அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். ஓலைக் கூரையில் தகடு நிற்காது என்பது மானியம் எழுதியவர்களுக்குத் தெரியாதோ என்னவோ!)

மீட்டர் விவகாரத்தில் பணம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். 2021-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் அறிவித்தது. 25 கோடி முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர், 2025 மார்ச்சுக்குள். கெடு வந்தபோது கால்பங்குகூட முடியவில்லை. அது வேறு கதை. மீட்டர் ஒன்றுக்குச் சர்க்கார் மானியம் பொதுவாக 900 ரூபாய் வரைதான். மற்ற செலவைத் தனியார் கம்பெனி போடும். போட்டுவிட்டு வருடக்கணக்கில் மாதாமாதம் மீட்டருக்கு இவ்வளவென்று வசூலிக்கும். அந்தப் பணம் கடைசியில் யார் வீட்டிலிருந்து வரும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விட்ட டெண்டரில் அதானி கம்பெனி குறைந்த விலை கேட்டதாக முன்னால் நின்றது. அந்தக் 'குறைந்த' விலையே அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டர் ரத்தாயிற்று. டெண்டர் ரத்தானதே தவிரத் திட்டம் ரத்தாகவில்லை என்பதைத் தோழர்கள் மறக்கக் கூடாது. கேரளத்தில் மின் ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்ததன் பேரில், 2023-இல் அன்றைய அரசு இந்தத் தனியார் ஏற்பாட்டைக் கைவிட்டது. வாரியமே மீட்டர் வாங்கிப் பொருத்தும் வழியை எடுத்தது. வேறு வழியே கிடையாது என்று சொல்பவர்களுக்கு இது போதும்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாட்கள் கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வேலையில்லாத குடும்பத்துக்கு அந்தப் பதினைந்து நாள் என்றால் கைமாற்று வாங்க அவகாசம். பிள்ளை பரீட்சைக்குப் படிக்க விளக்கு. முன்பணம் தீர்ந்ததும் தானாக அணையும் மீட்டரில் அந்தப் பதினைந்து நாள் எங்கே போகும்? வயர்மேன் வாசலுக்கு வந்தால் "அண்ணாச்சி, சனிக்கிழமை கூலி வந்ததும் கட்டிடுறேன்" என்று சொல்லலாம். திரையிடம் அதைச் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம், இதைவிடப் பெரியது. 2023 ஜூனில் மத்திய சர்க்கார் நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று விதி செய்தது. ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் அது பொருந்தும். விவசாய இணைப்புக்கு மட்டும் விலக்கு. வெயில் நேரத்தில் கட்டணம் 20 சதவிகிதமாவது குறைவு. உச்ச நேரத்தில் ஆலை, கடைகளுக்கு 20 சதவிகிதமாவது கூடுதல். வீடுகளுக்கு 10 சதவிகிதமாவது கூடுதல். வெயில் நேரத்தில் நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெண்கள் வயலிலே, ஆண்கள் மில்லிலே. பொழுது சாய்ந்து வீடு திரும்பி மோட்டார் போட்டு, மிக்சி போட்டு, விளக்குப் போடும் அந்த நேரம்தான் விலை உயர்ந்த நேரம்! பகலில் மலிவு மின்சாரம் எடுத்துப் பேட்டரியில் ஏற்றி இரவில் செலவழிக்கலாம் என்பார்கள். பேட்டரி வாங்க வசதி உள்ளவனுக்கு அது லாபக் கணக்கு. இல்லாதவனுக்கு மாலை நேர அபராதம்.

மில் தோழர்களுக்கு இது புதிதல்ல. உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்குக் காலையும் மாலையும் உச்ச நேரத்தில் 25 சதவிகிதம் கூடுதல், இரவில் 5 சதவிகிதம் தள்ளுபடி என்பது நடைமுறையில் உள்ளதுதான். முதலாளி கரண்டு பில்லைப் பார்த்து ஷிப்டைத் திருப்பினால் தூக்கம் போவது யாருக்கு?

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரீடிங் எடுக்கும் கணக்கீட்டாளர் வேலை போகும் என்பது வெளிப்படை. ஆனால் திரை இருந்தால் ஆளே வேண்டாம் என்பது பச்சைப் பொய். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டதை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் நாட்கணக்கில் கரண்டு இல்லை, செல்போனும் இல்லை. அன்று எந்த சிம் கார்டு எந்தத் திரைக்குத் தகவல் அனுப்பியிருக்கும்? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கம்பம் நட்டவர்களும் கம்பி இழுத்தவர்களும் மனிதர்கள்தான். அவர்களில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. பழுது எங்கே என்று இயந்திரம் காட்டட்டும். கம்பத்தில் ஏறுவதற்கு நிரந்தர வேலையில் ஆள் இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். தூரத்திலிருந்து கணக்குப் பார்க்கலாம், தூரத்திலிருந்து துண்டிக்கக் கூடாது. எந்த மீட்டரானாலும் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும். மீட்டரும் சர்வரும் திரையும் வாரியத்தின் சொத்தாக, வாரிய ஊழியர் கையில் இருக்க வேண்டும். கணக்கீட்டாளர்களுக்கு அங்கே பயிற்சியும் வேலையும் தர வேண்டும். வீட்டு விளக்குக்கு உச்ச நேரக் கட்டணம் கூடவே கூடாது. 2016 முதல் கிடைத்துவரும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்திலும் குடிசை விளக்கிலும் கை வைக்கக் கூடாது.

சீவலப்பேரித் தோழர்கள் வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். பெண்கள் அவசியம் வர வேண்டும். இதற்கிடையில் யாராவது மீட்டர் மாற்ற வந்தால், பழைய மீட்டரில் நிற்கும் எண்ணை அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கழற்ற விடாதீர்கள்.