விமானத்துக்கு இரண்டு மாதம், விமானிக்கு ஓராண்டு

2025 ஜூன் 14-ஆம் நாள் பிரிட்டனின் எஃப்-35 போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கிற்று. இறங்கியது பழுதுபட்டு, ஜூலை 22 வரை இங்கேயே நின்றுவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு, கேலிக்கும் குறைவில்லை. ஆனால் அதை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்திப் பழுது பார்த்தார்களே, அந்தக் கொட்டகையில் மற்ற நாட்களில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டவர் சிலரே.

அது ஏர் இந்தியாவின் பராமரிப்புக் கூடம். போயிங் 737 விமானங்கள் பழுது பார்க்கப்படும் இடம். அங்கே வந்து நிற்கும் விமானத்தின் உடலில் ஒரு நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும். விமானம் அந்த நிறுவனத்துக்குத்தான் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள்! நம் நாட்டில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு குத்தகைக்கு எடுத்தவை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29 அன்று தன் முதல் பயணத்தைத் தொடங்கியது இந்த ஊரிலிருந்துதான், போனது அபுதாபிக்கு. அந்நிறுவனம் பெற்ற முதல் விமானமே குத்தகை விமானம்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவது நமக்குத் தெரியும். விமானக் குத்தகையும் ஏறக்குறைய அதுதான். வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர், மாதாமாதம் வாடகை. எட்டு, பத்து ஆண்டில் கெடு முடியும். விமானம் அடுத்த நாட்டுக்குப் போகும். அப்படி ஒப்படைக்கும்போதுதான் வேலையே இருக்கிறது. இயந்திரத்தின் முக்கியமான ஒவ்வோர் உறுப்பும் எந்த ஆலையில் பிறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது, யார் கழற்றினார், யார் பூட்டினார் என்று தொடக்க நாளிலிருந்து ஏடு இருக்க வேண்டும். ஓர் உறுப்புக்குத் தாள் இல்லையென்றால், அது நன்றாகவே ஓடினாலும் விலை போகாது. அந்த ஏடுகளைப் படித்துத் தேய்மானத்தைக் கணக்கிட்டு, இந்த விமானம் இன்ன விலை பெறும் என்று சொல்ல வல்லவருக்கு உலகமெங்கும் வேலை உண்டு. இயற்பியலும் புள்ளியியலும் படிக்கும் நமக்கு இது எட்டாத வித்தையா? வலியமலையையும் தும்பாவையும் விட்டால் கணிப்பொறிக் கம்பெனி. அதையும் விட்டால் வங்கித் தேர்வு. இந்த மூன்று வாசல்களிலேயே நாம் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அயர்லாந்தைப் பாருங்கள். டோனி ரயன் என்பவர் இரயில் ஓட்டுநர் ஒருவரின் மகன். ஏர் லிங்கஸ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நிறுவனத்திடம் மிகுதியாக இருந்த பெரிய விமானம் ஒன்றைத் தாய்லாந்துக்கு வாடகைக்கு விடும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதில் கற்றதை வைத்து 1975-இல் ஷானன் என்னும் சிற்றூரில் கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற குத்தகை நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் அது பங்குகளை விற்க முயன்று தோற்றுச் சரிந்தது. நிறுவனம் சரிந்ததே தவிர, அங்கே பயின்றவர்கள் சரியவில்லை. பிரிந்து போய்ப் புதிய நிறுவனங்களை நடத்தினார்கள். 2010-இல் அவோலனைத் தொடங்கிய டோனல் ஸ்லாட்டரி அவர்களுள் ஒருவர். இன்று உலகிலேயே மிகப் பெரிய விமானக் குத்தகை நிறுவனமான ஏர்கேப்பின் தலைமையகம் டப்ளினில் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவனை நன்றி கெட்டவன் என்று அந்த நாடு கருதியிருந்தால், இத்தனை நிறுவனங்கள் முளைத்திருக்குமா?

இங்கே நிலை என்ன?

2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நொடித்தது. விமானங்களைத் திரும்பப் பெறக் குத்தகைக்காரர்கள் ஓராண்டு வழக்காடினார்கள். 2024 ஏப்ரலில்தான் தில்லி உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடைமைக்காரருக்கு இவ்வளவு தொல்லை கூடாது என்று 2025-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நிறுவனம் நொடித்தால் இரண்டே மாதம். அதற்குள் விமானம் உரியவர் கைக்குப் போய்விடலாம். இதற்கு அடிப்படையான கேப்டவுன் உடன்படிக்கை 2001-இல் உருவானது. இந்தியா 2008-இல் சேர்ந்தது. நல்ல சட்டந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே கோ ஃபர்ஸ்டில் வேலை பார்த்தவர்களுக்கென்று தனிச் சட்டம் ஏதும் வரவில்லை.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்ககம் விமானிகளுக்கு ஒரு விதி செய்தது. வேலையை விட விரும்பும் தலைமை விமானி ஓராண்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். துணை விமானி ஆறு மாதம். விமானத்துக்கு இரண்டு மாதம். அதை ஓட்டுகிறவருக்கு ஓராண்டு! நொடித்துப்போவதும் வேலையை விடுவதும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆயினும் எது விரைவாக நகர வேண்டும், எது கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று நம் நாடு எண்ணுகிறதோ, அது இந்த இரண்டு கணக்கிலும் தெரிகிறது.

திடீரென்று விலகினால் பயணிகள் என்ன ஆவர் என்பார்கள். ஞாயமான கேள்வி. 2023-இல் 43 விமானிகள் சொல்லாமல் போய்விட்டதாக ஆகாசா நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது; பல விமானங்கள் நின்றன. மாற்று ஆளைப் பழக்கக் காலம் வேண்டும். அதற்கு மூன்று மாதம் கேட்டால் கொடுக்கலாம். ஓராண்டு என்பது பழக்குவதற்கான காலமன்று. வேறிடத்தில் கேட்ட வேலை கைநழுவிப் போவதற்கான காலம்.

விமானிகளை விடுங்கள், அவர்கள் பெரிய சம்பளக்காரர்கள். நம் கதைக்கு வருவோம். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், மூன்றாண்டு வேலை பார்க்காமல் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் பத்திரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி தேர்வு நடத்திச் செலவு செய்து ஆள் எடுக்கிறது. அதன் காரணம் புரிகிறது. ஆனால் இதைச் சாக்கிட்டு, ஒரு வாரம் பயிற்சி என்று உட்காரவைத்துவிட்டு மூன்றாண்டுக்குக் கையொப்பம் வாங்குகிறவர்களும் உண்டு. என் வகுப்புத் தோழர் ஒருவர் சேர்ந்த இடத்தில் பட்டச் சான்றிதழின் அசலையே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஏடு இல்லாத இயந்திரம் விலை போகாது என்றேனே, சான்றிதழ் இல்லாத மனிதனும் அப்படித்தான். சாலைக் கடைத்தெருவுக்குப் பிழைக்க வந்த நம் பாட்டனார்கள் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட்டு வரவில்லை. அதனால்தான் ஒரு கடை ஒத்துவராதபோது அடுத்த கடைக்குப் போக அவர்களால் முடிந்தது.

குத்தகைத் தொழில் இப்போது குஜராத்தின் கிஃப்ட் நகரத்துக்கு வந்திருக்கிறது. 2020-இல் அரசு வழி திறந்தது. 2023-இல் ஏர் இந்தியா தன் முதல் ஏ350 விமானத்தை அவ்வழியேதான் பெற்றது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் விமான நிதிக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. விமானத்தைத் திருகாணி வரை கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்க, ஏடு படிக்கும் வித்தைக்கு இங்கே ஒரு விருப்பப் பாடமாவது வைத்தால் என்ன? அது வரும்போது வரட்டும். நம் மன்றம் அடுத்த பருவத்தில் அந்தப் பராமரிப்புக் கூடத்துப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்து நிற்கப் போகிறவன் நான்தான்: ஐயா, தங்களைப் போல் வேலை கற்க வருகிறவனிடம் எத்தனை ஆண்டுக்குப் பத்திரம் கேட்கிறார்கள்?