கரையைக் காட்டாத விளையாட்டு

“அது வெறும் விளையாட்டுதானே! அதிலுமா அரசியல்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆம், அதிலும் அரசியல் உண்டு. அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்து, ஒரு வாலிபனின் கட்டைவிரலுக்குக் கீழே வைத்து, “சுடு” என்று சொல்கிற விளையாட்டில் அரசியல் இல்லையென்றால் வேறு எதில்தான் இருக்கும்?

முதலில், இந்த விளையாட்டைச் செய்து தந்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

1997ல் ‘688(ஐ) ஹன்டர்/கில்லர்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு விற்பனைக்கு வந்தது. வேட்டையாடிக் கொல்பவன் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆடுகிறவன் லாஸ் ஏஞ்சலிஸ் ரகத் தாக்குதல் நீர்மூழ்கியின் கேப்டன் ஆகிறான். விற்றது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், செய்தது சோனலிஸ்ட்ஸ். இந்த சோனலிஸ்ட்ஸ் பொம்மைக் கம்பெனி அல்ல. அமெரிக்கக் கடற்படையிடம் கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி. அது இருப்பது கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டில். பக்கத்து கிராட்டன் நகரில்தான் ஜெனரல் டைனமிக்ஸ் முதலாளிகளின் எலக்ட்ரிக் போட் தளம் இருக்கிறது. அசல் நீர்மூழ்கிகள் கட்டப்படும் தளம் அது. அசலும் நகலும் ஒரே வட்டாரத்துச் சரக்கு!

பெட்டியின் மேலிருந்த ‘ஜேன்ஸ்’ முத்திரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898ல் உலகப் போர்க்கப்பல்கள் அனைத்துக்குமான அட்டவணை நூலை வெளியிட்டார். கடற்போர் விளையாட்டு ஒன்றை வகுத்தவரும் அவரே. ஆயுத அட்டவணையும் யுத்த விளையாட்டும் அன்றே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவை.

அடுத்து, சர்க்காரின் பங்கு. 2002 ஜூலையில் அமெரிக்கத் தரைப்படை ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற விளையாட்டைத் தானே தயாரித்து இலவசமாக வழங்கியது. படைக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம். அதை மூடியது 2022ல். 2020ல் கடற்படையும் இத்தகைய விளையாட்டுக்கென்று தனிக் குழு அமைத்தது. இந்த வழியில் ஆள் பிடிக்கப் பொதுப்பணம் தரக் கூடாது என்று அதே ஆண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. இரு பெரிய கட்சிகளின் உறுப்பினர்களும் கைகோத்து அதைத் தோற்கடித்தார்கள். வெறும் விளையாட்டு என்றால் படைத்தலைமை அதற்கு ஏன் பணம் கொட்டுகிறது?

விளையாட்டு யுத்தத்தைப் போல இருப்பது போதாதென்று, யுத்தமே விளையாட்டைப் போல ஆகிவருகிறது. 2018 மார்ச்சில் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கொலராடோ’ வர்ஜீனியா ரகத் தாக்குதல் நீர்மூழ்கி. கண்ணை வைத்துப் பார்க்கும் பழைய பெரிஸ்கோப் அதில் இல்லை. நீருக்கு மேலே நீளும் கம்பத்தில் காமிரா இருக்கிறது. அதைத் திருப்புவதற்குக் கொடுத்திருப்பது, பிள்ளைகள் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டில் பிடிக்கும் அதே கைக்கருவி. முன்பிருந்த கருவியின் விலை சுமார் 38,000 டாலர். இதன் விலை 30 டாலருக்கும் குறைவு. இளம் மாலுமிகள் சில நிமிடங்களில் பழகிவிடுகிறார்கள் என்று பெருமை பேசினார்கள். ஏன் பழக மாட்டார்கள்? வீட்டிலேயே பழக்கி அனுப்பிய விரல்கள் அல்லவா!

சரி, இந்த விளையாட்டு எதைக் காட்டுகிறது? எதை மறைக்கிறது?

கடலின் ஆழத்தைக் காட்டுகிறது. எதிரிக் கப்பலின் சத்தத்தைப் பிரித்தறியும் சோனார் வேலையைக் காட்டுகிறது. டார்பிடோ, ஏவுகணை எல்லாம் நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. 2001ல் சோனலிஸ்ட்ஸ் செய்த ‘சப் கமாண்ட்’ விளையாட்டில் ரஷ்ய அகுலா நீர்மூழ்கியின் கேப்டனாகவும் ஆடலாம். “பாருங்கள், எவ்வளவு நடுநிலை!” என்று மெச்சுகிறார்கள். வேட்டைக்காரனாக ஆடலாம், எதிர்த்தரப்பு வேட்டைக்காரனாகவும் ஆடலாம். ஏவுகணை வந்து விழும் கரையில் நிற்கிறவனாக மட்டும் ஆட முடியாது! மறைக்கப்படுவது அந்தக் கரைதான்.

அசல் கப்பலின் சங்கதியும் அதுவே. 1991 ஜனவரி 19 அன்று ‘லூயிவில்’ என்ற லாஸ் ஏஞ்சலிஸ் ரக நீர்மூழ்கி, செங்கடலின் நீருக்கடியிலிருந்து இராக்கின் மீது டோமஹாக் ஏவுகணைகளை ஏவியது. 2018 ஏப்ரல் 14 அன்று ‘ஜான் வார்னர்’ என்ற வர்ஜீனியா ரக நீர்மூழ்கி, மத்தியதரைக் கடலிலிருந்து சிரியாவின் மீது ஆறு ஏவுகணைகளை ஏவியது. 2025 ஜூனில் ஓர் அமெரிக்க நீர்மூழ்கி இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஏவுகணைகளை ஈரானின் இஸ்ஃபஹான் மீது ஏவியது. ஏவியவன் அந்த ஊரைப் பார்க்கவில்லை. அதன் புகையைக்கூடப் பார்க்கவில்லை.

குறியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? 1982 மே 2 அன்று ‘கான்கரர்’ என்ற பிரிட்டிஷ் அணுசக்தி நீர்மூழ்கி, ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற அர்ஜென்டினாக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் சம்பவம் அது. பிரிட்டன் தானே அறிவித்திருந்த 200 மைல் தடை வட்டத்துக்கு வெளியே அந்தக் கப்பல் இருந்தது. மாண்டவர்கள் 323 பேர். கட்டாய ராணுவ சேவைக்குக் கொண்டுவரப்பட்ட வாலிபர்களும் அவர்களில் உண்டு. அர்ஜென்டினாவை அன்று ஆண்ட ராணுவக் கும்பலுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் செத்தது அந்தக் கும்பலின் தளபதிகள் அல்ல, ஏழை வீட்டுப் பிள்ளைகள். லண்டனின் ‘சன்’ பத்திரிகை அதற்கு என்ன தலைப்புப் போட்டது தெரியுமா? “மாட்டிக்கிட்டான்!” என்ற பொருளில் ‘காட்சா’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. சாவுக் கணக்கு வரத் தொடங்கியதும் பிந்திய பதிப்புகளில் அதை மாற்றினார்கள். கரை தெரியாமல் வளர்த்தால் மனிதன் இப்படித்தான் பேசுவான்.

இதில் லாபம் யாருக்கு? 2021 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் ‘ஆக்கஸ்’ ஒப்பந்தம் அறிவித்தன. ஆஸ்திரேலியா வர்ஜீனியா ரகக் கப்பல்களை வாங்க வேண்டும். புதியவற்றையும் கட்ட வேண்டும். அந்நாட்டு சர்க்காரே 2023ல் சொன்ன மொத்தச் செலவு 26,800 கோடி முதல் 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. ஒரு கப்பலும் கைக்கு வராத நிலையில், 2025 பிப்ரவரியில் 50 கோடி அமெரிக்க டாலரை அமெரிக்கக் கப்பல் தளங்களுக்காக முதல் தவணையாகக் கட்டினார்கள். அந்தக் கப்பல்களுக்கு வரைபடம் போடும் எலக்ட்ரிக் போட் தொழிலாளர்களோ, அதே 2025 மே மாதம் கூலிக்கும் பென்ஷனுக்கும் வேலைநிறுத்தத்தின் வாசல் வரை போக வேண்டியிருந்தது!

“நமக்கென்ன, அது எங்கோ நடப்பது” என்று சொல்லிவிட முடியாது. 2027 முதல் நான்கு வரையிலான அமெரிக்க நீர்மூழ்கிகளைச் சுழற்சி முறையில் நிறுத்தத் திட்டமிட்டிருப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே, நமது இந்து மகாசமுத்திரத்தின் கரையில். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்து நின்றது சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில். 2023ல் அந்தத் தளத்தோடு பழுதுபார்ப்பு ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். விளையாட்டு காட்டாத கரை நம்முடைய கரையும்தான்.

அப்படியானால் வாலிபர்களின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கலாமா? கூடாது. திட்டுவதால் யாரும் அறிவு பெறுவதில்லை. வேறொரு கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் போர்ட் கெம்ப்ளா என்றொரு துறைமுகம். 1938 நவம்பரில் ‘டால்ஃப்ரம்’ என்ற கப்பலில் ஜப்பானுக்குக் கச்சா இரும்பு ஏற்றச் சொன்னார்கள். அந்த இரும்பு குண்டாகிச் சீன மக்களின் தலையில் விழும் என்று துறைமுகத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். “ஏற்ற மாட்டோம்” என்றார்கள். அவர்களது சங்கத்தின் தலைமையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். பத்து வாரம் நின்றார்கள். பட்டினியும் சர்க்கார் மிரட்டலும் நெருக்க, கடைசியில் அந்தச் சரக்கு ஏற்றப்பட்டது. ஆனால் அவர்களை மிரட்டிய மந்திரி மென்சிஸுக்கு, பின்னாளில் பிரதமரான பிறகும், ‘பிக் அயர்ன் பாப்’ என்ற பட்டப்பெயர் ஒழியவில்லை. பிக் அயர்ன் என்றால் கச்சா இரும்பு. அதே போர்ட் கெம்ப்ளா 2022ல் நீர்மூழ்கித் தளத்துக்கான மூன்று இடங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 2023 மே தின ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டு “வேண்டாம்” என்று முழங்கினார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் சீனாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் எதிர்க்கரையில் நின்ற மனிதன் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தான். வர்க்க உணர்வு தரும் பார்வை அது. எந்த சோனாருக்கும் அந்தப் பார்வை கிடையாது.

தோழர்களே! வாலிபர் சங்கக் கிளைகளில், படிப்பகங்களில், தேநீர்க் கடை பெஞ்சுகளில் இதைப் பேசுங்கள். விளையாடும் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீ ஏவியது எங்கே போய் விழுந்தது, அங்கே யார் இருந்தார்கள்?” அந்தக் கேள்விக்குத் திரையில் பதில் இல்லை. பதிலைத் தேடத் தொடங்குகிற தம்பி, யுத்தவெறியர்களின் ஆள்பிடிப்புக்கு அகப்பட மாட்டான். சமாதானப் படையில் சேருவான்.