வாடகைக் காரில் போவது குற்றமா?

ஒரு சின்னக் கணக்கு.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் பாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்க முடிந்தது. வகுத்துப் பாருங்கள், அப்போது தடவைக்கு 15 ரூபாய்தான்.

நல்ல திட்டம். ஆனால் மஞ்சள் போர்டு டாக்ஸிக்குக் கிடையாது. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காருக்கும் கிடையாது. அதே சாலை, அதே தூரம், அதே மாடல் கார். கட்டணம் மட்டும் முழுசாக!

"டாக்ஸிக்காரர்தானே கட்டுகிறார்?" என்பீர்கள். பில்லைப் பாருங்கள், பெரும்பாலும் "டோல் தனி" என்றிருக்கும். கட்டுவது பின் சீட்டில் இருப்பவர்.

"டாக்ஸி நாளெல்லாம் ஓடுகிறதே" என்பது அடுத்த வாதம். பாஸுக்குத்தான் 200 முறை என்று எல்லை இருக்கிறதே! தீர்ந்தால் மறுபடி காசு கொடுத்து வாங்கட்டும்.

ஓடும் தூரத்துக்குக் கட்டணம் என்றால் கிலோமீட்டரை அளக்க வேண்டும். வண்டி யாருடையது என்று எதற்குப் பார்க்க வேண்டும்?

கார் வாங்க வசதியில்லாமல் ஆபரேஷனுக்கும் கல்யாணத்துக்கும் வண்டி பிடிக்கிறவருக்கு முழு விலை. வாசலில் கார் நிற்கிறவருக்குச் சலுகை. இது என்ன நியாயம்?

வாடகை வண்டிக்கும் பாஸ் கொடுங்கள். மிச்சமாகும் தொகை பயணியின் பில்லில் குறையட்டும்.

சரியென்று பட்டால் பகிருங்கள்.